ஏழு மாதம்

மகன் பிறந்து ஏழு மாதம் கழித்து, கங்கைகொண்டான் தொழிற்சாலையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் பேருந்தில் நல்ல கூட்டம். ஜன்னலோரம் இருந்த ஓர் அக்கா என் வயிற்றைப் பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டார்.

“இங்கன உக்காரும்மா. எத்தன மாசம் ஆவுது?”

“ஏழு” என்றேன். மகனின் வயதைச் சொன்னேனா, பொய் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. உட்கார்ந்த பிறகு எழுந்து உண்மையைச் சொல்ல வாயும் வரவில்லை.

“இறங்கையில அவசரப்படாம பைய இறங்கு, என்ன?” என்றார். தலையாட்டினேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் கண் கலங்கியது.

மறுநாள் அந்த அக்கா பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். வெட்கமா ஆறுதலா என்று புரியாமலே போய் உட்கார்ந்தேன்.