கோடைக்காத்தும் மூன்று தென்னைகளும்

இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் மேலே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். 'ரெப்புடியேட்' என்று எழுதிய ஃபைல் மட்டும் சீக்கிரம் வந்துவிடும். இழப்பீடு கிடையாது, போய் வா என்பதை எங்கள் தொழிலில் அப்படி நாசூக்காகச் சொல்வோம். நான் திண்டுக்கல் கிளையில் கிளைம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சித்திரை மாதம் பால்ராஜின் ஃபைல் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பால்ராஜும் அவர் மனைவி அருள்மேரியும் ரெட்டியார்சத்திரம் பக்கம் பேங்க் லோன் வாங்கிக் கோழிப்பண்ணை போட்டிருந்தார்கள். காற்றில் ஷெட் விழுந்துவிட்டது. புயல்காற்றில் விழுந்தால் பாலிசிப்படி பணம் உண்டு, கட்டடம் சரியில்லாமல் தானாக விழுந்தால் கிடையாது. மண்டல அலுவலகத்தில் வானிலை நிலையத்தின் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்குக் காற்றே இல்லை என்று இருந்திருக்கிறது. போதாததற்கு, அருள்மேரி கைப்பட எழுதிய கடிதத்தை இங்கிலீஷில் மாற்றிய புண்ணியவான், 'சம்மர் பிரீஸ்' என்று எழுதி வைத்திருந்தார். தென்றலுக்கு ஷெட் விழுமா?

"எடத்த வித்துத்தான் சார் லோன அடைக்கணும். வேற வழியில்ல," என்றார் பால்ராஜ். அவருக்கு இருந்ததே அந்த ஓர் இடம்தான்.

மறுப்புக் கடிதம் பால்ராஜுக்குப் போவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள் என்று எங்கள் கிளை மேனேஜர், வசந்தி என்ற அதிகாரியிடம் சொன்னார். பேரிடர் இழப்புகளை மேப்பில் குறித்துப் பார்க்க மண்டல அலுவலகத்தில் புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். அதற்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தவர் வசந்தி. ஒரு லேப்டாப், கையடக்க ஜி.பி.எஸ். கருவி, ஒரு காம்பஸ், தண்ணீர் பாட்டில். இவ்வளவுதான் சாமான். இந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு காற்றைப் பிடிக்கப் போகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினேன்.

பண்ணையில் வசந்தி முதலில் அருள்மேரி எழுதிய தமிழ்க் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். 'கோடைக்காத்து அடிச்சு ஷெட் விழுந்துருச்சு' என்று இருந்தது.

"கோடைக்காத்துன்னா வெயில் காலத்துக் காத்துதானேம்மா?" என்றார்.

அருள்மேரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்காலக் காத்துக்கா கடுதாசி எழுதுவோம்? கோடைமலைப் பக்கமிருந்து எறங்குற காத்தும்மா. அந்தா, மேக்க. செத்த நேரந்தான் அடிக்கும். அதுக்குள்ள அம்புட்டையும் சாச்சுப்புட்டுப் போயிரும்."

வசந்தி மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நாங்க பாத்த வானிலை ஸ்டேஷனே தப்பு சார். அது கிழக்க ரொம்பத் தள்ளி இருக்கு. அங்க போறதுக்குள்ள இந்தக் காத்து அடங்கியிருக்கும்," என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் இந்த ஊரில் கிளைம் பார்க்கிறேன், எந்த ஸ்டேஷன் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

அப்புறம் நடந்தோம். அடேயப்பா, என்ன நடை. விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் நின்று ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைக் குறித்து, காம்பஸை வைத்துத் தலைமாடு எந்தப் பக்கம் என்று எழுதினார். தென்னை, முருங்கை, வாழை எல்லாம் கிழக்கே தலை வைத்துக் கிடந்தன. எனக்கு நாக்கு வறண்டது. அவர் நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை.

கடைசியில் பால்ராஜின் ஷெட்டுக்குப் பின்னால் மூன்று தென்னைகள். மூன்றும் வடக்கே பார்த்து விழுந்திருந்தன. வசந்தி குனிந்து குறிக்கப் போனார். பால்ராஜ் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"இத மட்டும் விட்டுருங்கம்மா. எல்லாம் ஒரு பக்கம் கெடக்கு, இது மட்டும் கோளாறா கெடக்கு. இதப் பாத்தா பொய்யின்னுருவாங்க."

"விட்டுரலாமே மேடம்," என்று நானும் சொன்னேன்.

"ஏன் இப்படி விழுந்துச்சுன்னு எனக்கும் தெரியலைங்க. ஆனா விழுந்திருக்கே. விட்டா இது மேப் இல்ல," என்றார் வசந்தி. குறித்தார். ஜீப் கிளம்பியபோது பால்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் வழியில் மலையடிவார அணைக்கட்டு ஆபீசில் மழைமானிக் கணக்கையும் வாங்கினார். காற்றடித்த அதே மாலை அங்கே மழை கொட்டித் தீர்த்திருந்தது; மலையிலிருந்து புயல் இறங்கியதற்கு அது ஒரு சாட்சி. அன்று லேப்டாப்பில் எல்லாப் புள்ளியையும் போட்டுக் காட்டினார். மலையடிவாரத்திலிருந்து கிழக்கே ஓடைபோல ஒடுங்கிய ஒரு பட்டை. அதன் நடுவில் பால்ராஜின் ஷெட். காற்று வந்த வழியைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். கும்பிடத் தோன்றியது எனக்கு.

சில நாளில் மண்டல மேலாளர் போனில் வந்தார். பாராட்டெல்லாம் அவர் அகராதியிலேயே கிடையாது.

"அந்தப் பொண்ணோட மேப்பப் பாத்தேன்யா. ஷெட்டுக்குப் பின்னால மூணு மரம் வடக்க விழுந்திருக்காமே?"

போச்சுடா என்று நினைத்தேன். "ஆமா சார்."

"எல்லாம் ஒரே பக்கம்னு போட்டிருந்தா, ஆபீசுல உக்காந்து வரஞ்சதுன்னு தூக்கி எறிஞ்சிருப்பேன். தனக்கு ஆகாததையும் போட்டிருக்கு பாரு. நம்புறேன். பாஸ் பண்ணியாச்சு, பார்ட்டிகிட்ட சொல்லிரு."

நேரில் போய்ச் சொன்னேன். அருள்மேரி சிலுவை போட்டுக்கொண்டார். அந்த மூன்று தென்னைகளைக் குறித்ததால்தான் பாஸ் ஆனது என்பதையும் விளக்கினேன். பால்ராஜ் ஷெட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். நானும் போனேன். தென்னை கிடந்த இடத்தில் தூர்க்குழி மட்டும்தான் இருந்தது. "மேலாபீசுலருந்து வேற யாராச்சும் வந்து இதப் பாத்துருவாங்களோன்னு, நீங்க போன மறுநாளே வெட்டித் தூக்கிட்டேன் சார்," என்றார்.