பிரேக் பிடிக்காத லாரியும் எங்கள் மேஸ்திரியும்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். எழுதும்போது எது கைக்கு வருகிறதோ அதைப் போடுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொண்டு மேலே படியுங்கள். வாயால் சொல்லலாமே என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. இத்தனை வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சமீபத்தில் பார்த்த மூன்று படங்களால் அந்த நினைப்பு மாறிவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செஞ்சி நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறேன். எங்கள் செட்டுக்கு ஒரு மேஸ்திரி. அவருக்குச் சினிமா என்றால் சோறு வேண்டாம். வெள்ளிக்கிழமை படம் வந்தால் சனிக்கிழமை மத்தியானம் அந்தப் படம் எங்கள் மண்டியில் ஓடும். சாப்பிட்டுவிட்டு லாரிக்குக் காத்திருக்கிற நேரத்தில், நெல் மூட்டைமேல் உட்கார்ந்து அவர் கதை சொல்வார். கதாநாயகி அழுதால் அவர் தொண்டை கம்மும். வில்லன் சிரித்தால் எடைபோடுகிற இடத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பாதியில் "இன்டர்வெல்!" என்று துண்டை உதறி எழுந்துவிடுவார். டீ குடித்து முடிக்கிறவரை காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் மீதி வராது. தியேட்டரில் எப்போதும் அவர் பக்கத்து சீட்டு எனக்குத்தான். ஒரே படத்தைத்தான் இரண்டு பேரும் பார்ப்போம். ஆனால் மறுநாள் அவர் சொல்லும்போது நான் பார்க்காத படம்போல இருக்கும். வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

முந்தின வருஷம் மழைக்காலத்தில் மேஸ்திரிக்குத் தொண்டையில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்து குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்துக் குழியில் ஒரு துவாரம். மூச்சு அந்த வழியாகத்தான். அதன்மேல் ஈரத்துணி கட்டிக்கொண்டு, மண்டித் தூசு படாமல் வெளிக்கேட்டுப் பக்கம் புங்கமரத்தடியில் வந்து உட்காருவார். கூட்டம் கூடாது என்று தியேட்டருக்கும் போவதில்லை.

அவர் சம்சாரம், எங்களுக்கெல்லாம் அண்ணி, ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: "பேசறதுக்கு ஆஸ்பத்திரியில பழக்கிக் குடுத்தாங்கப்பா. காத்த முழுங்கி, ஏப்பம் வுடறாப்பல எடுத்துப் பேசணுமாம். ஒரு தபா பேசனாரு. பக்கத்து வூட்டுப் புள்ள பயந்து அழுதுடுச்சி. அதோட வாய மூடிட்டாரு. எங்கிட்டகூட கைதான் பேசுது. பழகாம வுட்டா கடைசிவரைக்கும் வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நீங்கல்லாம் கூட இருந்து எதுனா பண்ணுங்கப்பா."

நாங்கள் என்ன செய்வது? ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அவரைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவர் கையை நீட்டி என்னைக் காட்டினார். இரண்டு விரலால் கண்ணைத் தொட்டார், பிறகு வாயைத் தொட்டார். நீ பார்த்துவிட்டு வந்து சொல்.

முதல் படம் ஓர் ஆம்புலன்ஸ் டிரைவரைப் பற்றியது. நல்ல படம். ஒரு மழை ராத்திரி முழுக்க ஒரே வண்டிக்குள் நடக்கிறது. கண்ணாடியில் வழிகிற தண்ணீரில் சிவப்பு விளக்கு கரைகிறதைப் பார்த்துச் சிலிர்த்துப் போனேன். ஆனால் மரத்தடியில் வாயைத் திறந்ததும் வந்த முதல் வார்த்தை, "டிரைவரு கடைசில செத்துட்றான்" என்பதுதான்.

எங்கள் செட்டில் இருக்கிற பாய் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், இன்னாய்யா நீ! பேரு போடறதுக்கு முன்னாடியே காரியம் பண்ணிட்டியே!"

மேஸ்திரி சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் அடுத்த வாரமே ஒரு பேய்ப்படத்துக்குப் போனேன். வாடகைக்கு வந்தவர்கள் செய்கிற அழிச்சாட்டியம் தாங்காமல் பேய் வீட்டைக் காலி செய்துவிட்டு ஓடுகிற கதை. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. சொல்லும்போது எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பேய் என்ன சொன்னது, வீட்டுக்காரன் என்ன சொன்னான் என்று யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பாதியிலேயே மேஸ்திரி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் வரவில்லை. "மண்டிக்குப் போலன்னு கை காட்றாரு" என்று அண்ணி போனில் சொன்னார்கள். என்னால்தான் என்று தோன்றி, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது படம் இந்த ஐப்பசி மழையில் வந்தது. அதைப் பற்றி எழுத வரும்போதே கை பரபரக்கிறது. ஒரு பெண் லாரி ஓட்டுகிறாள். பொம்பளை லாரி ஓட்டுவதா என்று அவளுடைய அப்பன் அவளோடு பேசுவதை நிறுத்தி வருஷக் கணக்காகிறது. மலை ஊரில் ஒரு நாள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட அந்த அப்பன், அவளுக்குத் தெரியாமல் அவள் லாரியிலேயே ஏறி, கேரட் மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய்க்குள் படுத்துக்கொள்கிறான். இறக்கத்தில் பிரேக் போய்விடுகிறது. வண்டிச் சத்தத்தோடு என் சீட்டும் அதிர்ந்தது. நான் எதிரில் இருந்த கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர், "அண்ணே, என் கால மிதிக்கிறீங்க" என்றார். நான் அவருக்கும் சேர்த்து பிரேக் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போய், "லாரிப் படம் மேஸ்திரி, லோடு ஏத்தற படம்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மரத்தடியில் ஏற்றுவதற்காக அடுக்கியிருந்த மூட்டைகள்மேல் ஏறி நின்றுகொண்டேன். ஏன் ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அதுதான் லாரி. முதலில் அந்தப் பெண், பிறகு அவள் அப்பன், கடைசியில் எதைச் சொல்வது என்பதெல்லாம் தானாக வரிசையில் வந்து நின்றது.

"தார்ப்பா கயிறு இழுத்துக் கட்டியிருந்தாங்களா? மலைல லூசா வுட்டா மூட்ட சரியுமே" என்று பாய் கேட்டார்.

"கட்டித்தான் இருந்தாங்க பாய். நீ கம்முனு கேளு!" என்றேன். நான் ஒருவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. பாய் நிஜமாகவே கம்மென்று ஆகிவிட்டார்.

பனி இறங்குகிறது. வைப்பர் ஓடவில்லை. ஸ்டியரிங்கில் இருக்கிறவளுக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. மேலே தார்ப்பாயை விலக்கிப் பார்க்கிற அப்பனுக்குத் தெரிகிறது. இடது பக்கம் மலையோரமாக மண் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஏற்றினால் வண்டி நிற்கும், விட்டால் பள்ளம். அவன் கூப்பிட்டுச் சொன்னால்தான் உண்டு. இத்தனை வருஷம் அவளோடு பேசாத வாய். எழுந்து நிற்கிறான். வாயைத் திறக்கிறான்...

அங்கே எனக்கு உறைத்தது. யாரிடம் என்ன கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன்? குரல் போன மனிதரை எதிரில் உட்கார வைத்து, கூப்பிட்டால்தான் உயிர் பிழைக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு மூட்டைமேல் அப்படியே நின்றேன். பாய்க்கும் புரிந்துவிட்டது. ரோட்டில் அவலூர்பேட்டை பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்புறம்?"

தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல ஒரு சத்தம். யார் என்று திரும்பிப் பார்த்தோம். மேஸ்திரி காற்றை விழுங்கிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. கோபமாகக்கூட இருந்தது முகம்.

"அப்புறம்... இன்னா... ஆச்சி?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் லாரி பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அழ நேரமில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, மண்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்:

"பாப்பா! லெப்ட்ல ஒடி!"

காணும் பொங்கலன்று மத்தியானம், மண்டி லீவில் எழுதியது.