என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டவரிடம் போட்ட சண்டை

நான் சாந்தமான பெண் இல்லை. ஜெபம் என்றால் கண்ணை மூடி உருகுவதுதான் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது பிடிக்காமல் போகலாம்.

என் பெயர் ஸ்டெல்லா. வீடு மந்தைவெளியில். அம்மா மீன் விற்கிறாள். நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த ஜெரால்டுக்கும் எனக்கும் நிச்சயம் ஆகி, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையைக் கோவிலில் ஒரு முறை வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு வாசிக்கவில்லை. அன்று சாயங்காலம் பங்குத்தந்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜெரால்டுக்கு இறையழைத்தல் இருக்கிறதாம், கல்யாணம் செய்யாமல் குருவாவதற்குக் குருமடத்தில் சேரப் போகிறானாம். அதைச் சொல்ல அவன் வரவில்லை. ஃபாதரை அனுப்பிவிட்டான்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தெரு பூரா சொல்லிட்டேனே ஃபாதர். இப்ப இன்னா சொல்றது?"

"பெருமையா சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு ஆண்டவருக்கு ஒரு குருவையே குடுத்திருக்கா."

நானா கொடுத்தேன்? என்னை யார் கேட்டார்கள்? ஆனால் பங்கில் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தியாகம் செய்த பெண் என்றார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் என் கையைப் பிடித்துப் பாராட்டுவார்கள். கடைக்குப் போனால் மணப்பெண்கள். அவர்கள் தோளில் புடவையை விரித்துக் காட்டும்போது வயிறு எரியும். சோறு இறங்கவில்லை. செத்துப்போனால் என்ன என்றுகூட நினைத்தேன்.

அந்த நிலையில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது எங்கள் ஆராதனைச் சிற்றாலயத்துக்குள் போனேன். பீடத்தில், சூரியன்போல் கதிர் விரிந்த கதிர்ப்பாத்திரத்துக்குள் நற்கருணை அப்பமாக ஆண்டவர். நான் முழங்கால் போடவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவரை முறைத்தேன். "உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? அவனைத் திருப்பிக் கொடும்." அதுதான் என் ஜெபம்.

மறுநாளும் போய் அதையே கேட்டேன். அதற்கடுத்த நாளும் போனேன். திட்டினேன், அழுதேன், மறுபடியும் திட்டினேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் என்னைப் பாராட்டவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் மட்டும்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

அடுத்த வருஷம் லீவுக்கு வந்த ஜெரால்டு குருமடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஒரு சாயங்காலம் சிற்றாலய வாசலில் எனக்காகக் காத்திருந்தான்.

"தப்பு பண்ணிட்டேன் ஸ்டெல்லா. கல்யாணம் பண்ணிக்கலாம்."

நான் கேட்டதை ஆண்டவர் அப்படியே கொடுத்துவிட்டார். சந்தோஷம் வரும் என்று நின்றேன். வரவில்லை.

"நான் உனக்கு வேணுமா, இல்ல என்னைப் பாத்தா பாவமா இருக்குதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்கம்மா மார்க்கெட்டுல என்னப் பாத்து அழுதாங்க. அதுலேர்ந்து தூக்கமே இல்ல."

"அப்போ எங்கம்மாவுக்காகத் தாலி கட்ட வந்துக்கினு கீறியா?"

அவன் சிற்றாலயத்துக்குள் பீடத்தைப் பார்த்தான்.

"குருவாவணும்னு ஆசை இன்னும் இருக்கா?"

"இருக்கு. தெனமும் இருக்கு."

அத்தனை நாளும் ஆண்டவர்மேல் கொட்டிய கோபம் அந்த நிமிஷம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "இரக்கப்பட்டு எனக்கு யாரும் வாழ்க்கை குடுக்க வேணாம். நீ திரும்பிப் போ. போறதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்கு வந்து, அன்னிக்கு சொல்லாம ஓடினதை எங்கம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லு."

வந்தான். ஃபாதரும் கூட வந்தார். அம்மா வாய் வலிக்கும்வரை திட்டினாள். ஜெரால்டு நின்றுகொண்டே கேட்டுக்கொண்டான், மன்னிப்பும் கேட்டான். பிறகு ஃபாதர் என் பக்கம் திரும்பினார்.

"நீ குடுக்கலம்மா. உன்னைக் கேக்காமலே நாங்க எடுத்துக்கிட்டோம். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அதைக் கேட்டுத்தான் நான் வாய்விட்டு அழுதேன். இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எனக்குக் கேட்கத் தெரியாததையும் ஆண்டவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜெரால்டு குருமடத்துக்குத் திரும்பிவிட்டான். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதைக் குறையாகப் பேசுகிறவர்கள்மேல் இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கடைக்கு வரும் பெண்களுக்கு எது எடுப்பாக இருக்கும் என்று மனசாரப் பார்த்துச் சொல்கிறேன். ஆண்டவருக்கு நன்றி.

உங்களில் யாருக்காவது அவர்மேல் கோபம் இருந்தால், அது தணியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே அவர்முன் போய் உட்காருங்கள். சத்தமாகவே கேளுங்கள். அவர் எழுந்து போய்விட மாட்டார்.