நேசபாய்க்குக் கிடைக்காத நாற்காலி

நேசபாய்க்கு சத்தியபாயைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நேசபாய் வீட்டில் பலாப்பழம் வெட்டினால் முதல் பங்கு மதில் தாண்டி சத்தியபாய் வீட்டுக்குத்தான் போகும். சபையில் விதவைகளுக்காக ஜெபிக்கும்போது அவள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள். ஜனவரி இருபத்தாறும் ஆகஸ்ட் பதினைந்தும் வந்தால் மட்டும் நேசபாய்க்கு வயிறு எரியும். அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் சத்தியபாய்க்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள், பிள்ளைகள் வரிசையாக வந்து கும்பிடுவார்கள். நேசபாய் கூட்டத்தோடு வெயிலில் நிற்பாள். மிட்டாய் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள்.

இருவருடைய புருஷன்மாரும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். கார்கில் சண்டையில் சத்தியபாயின் புருஷன் முத்துநாயகம் மலைமேல் குண்டடிபட்டு இறந்தார். அந்த உடலைக் கீழே கொண்டுவரப் போனவர்களில் நேசபாயின் புருஷன் சுந்தர்சிங்கும் ஒருவர். போகிற வழியில் கண்ணிவெடியை மிதித்தார். முத்துநாயகம் கொடி போர்த்திய பெட்டியில் ஊருக்கு வந்தார். மாவட்டமே திரண்டு வந்து அழுதது. சுந்தர்சிங் மாதங்கள் கழித்து, இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், ரயிலிறங்கி ஆட்டோவில் வந்தார். அன்றைக்கு வாசலில் நின்றது நேசபாயும் ஒரு கோழியும்தான்.

அதற்குப் பிறகு நடந்த கதை யாருக்கும் தெரியாது, நேசபாய்க்குத் தெரியும். மழைக்காலத்தில் வெட்டுப்பட்ட இடம் வீங்கும். செயற்கைக் கால் உரசிப் புண்ணாகும். புண்ணைக் கழுவுவது அவள், மருந்து போடுவது அவள், வலியில் அவர் எறிகிற டம்ளரைப் பொறுக்குவதும் அவள். போதாததற்கு, இல்லாத பாதத்தில் அவருக்கு அரிப்பு எடுக்கும். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், அது நேசபாயின் வாயில் நுழையவில்லை. ஒருநாள் அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் படுக்கை விரிப்பைச் சொறிந்துவிட்டாள். "ஆங், அங்ஙனதான்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அதுவும் அவள் வேலையாகிவிட்டது. இதையெல்லாம் எந்த மேடையில் ஏறிச் சொல்ல முடியும்? இதற்கு யார் சால்வை போர்த்துவார்கள்?

இதோடு அந்த மனுஷனுடைய சத்தம் வேறு. பட்டாளத்தில் கால் போனதே தவிர தொண்டை போகவில்லை. விடிந்தால் தொடங்கும். "ஏட்டி நேசம், வெந்நி!" "ஏட்டி நேசம், எனக்க கண்ணாடிய எங்கட்டி வச்ச?" கண்ணாடி அவர் நெற்றிமேலேயே இருக்கும். வீடு ரோட்டோரம். பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"நான் என்ன செவிடா? கொஞ்சம் பைய கூப்பிட்டா என்ன?" என்பாள் நேசபாய்.

"பைய கூப்பிட்டா நீ வருவியா?" என்று அதையும் சத்தமாகத்தான் கேட்பார்.

நாலு வருஷமாக சுந்தர்சிங் நாகர்கோவிலுக்கு அலைந்துகொண்டிருந்தார். திங்கட்கிழமை மனு வாங்கும் நாளென்றால், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். என்ன விஷயம் என்று கேட்டால், "நடக்கும்போ பாத்துக்க" என்பார். பென்ஷன் கூட்டிக் கேட்கிறார் என்று நேசபாய் அவளாகவே முடிவு செய்துகொண்டாள். தயிர்ச்சோறு கட்டிக் கொடுத்தாள். காரியம் கைகூடவேண்டும் என்று உபவாசம் இருந்து ஜெபம்கூடப் பண்ணினாள்.

ஆண்டவர் கேட்டுவிட்டார். தக்கலை போகிற நெடுஞ்சாலையில் பாலத்திலிருந்து சந்திப்பு வரைக்கும் 'மாவீரர் முத்துநாயகம் சாலை' என்று பெயர் வைக்க உத்தரவு வந்தது. சுந்தர்சிங் உத்தரவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்தே கத்தினார். நேசபாய் கையிலிருந்த கரண்டியை நங்கென்று வைத்தாள். காலும் அவனுக்காகப் போச்சு, ரோடும் அவனுக்கா? தானிருந்த உபவாசமும் அவனுக்குத்தானா?

திறப்புவிழாவுக்கு அமைச்சர் வந்தார். சந்திப்பில் பந்தல், செண்டைமேளம், பட்டாசு. சத்தியபாய் வெள்ளைச் சேலையில் மேடையில் உட்கார்ந்திருந்தாள், அமைச்சருக்கு அடுத்த நாற்காலியில். நேசபாய் பார்த்துப் பார்த்து இஸ்திரி போட்ட சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, சுந்தர்சிங் மேடைக்குக் கீழே வெயிலில் விறைப்பாக நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நன்றி சொன்னவர் பந்தல் போட்டவரைச் சொன்னார், ஜேசிபி கொடுத்தவரைச் சொன்னார், லட்டு உபயம் செய்தவரைச் சொன்னார். நாலு வருஷம் அலைந்தவர் பெயர் வரவில்லை. துணியை விலக்கிப் பலகையைத் திறந்ததும் சுந்தர்சிங் சல்யூட் அடித்தார். அடித்த கையை இறக்க வெகுநேரம் ஆனது. பலகை நின்ற இடம் நேசபாயின் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே.

வீட்டுக்கு வந்தும் அவருக்குச் சந்தோஷம் அடங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, லட்டைப் பிட்டார்.

"பாத்தியாட்டி, எழுத்து நல்ல பெருசாட்டு போட்டிருக்கான். தூரத்துல இருந்தே வாசிக்கலாம் கேட்டியா."

செயற்கைக் காலின் உறையில் ரத்தம் ஊறியிருந்ததை நேசபாய் பார்த்தாள். அவ்வளவு நேரம் நின்றால் ஊறாதா? அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது இரக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"அண்ணைக்கே நீங்களும் போயிருந்தா உங்களுக்க பேரும் ரோட்டுல நின்னிருக்கும். எனக்கும் ஒரு நாற்காலி கெடச்சிருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே கேட்டது. சுந்தர்சிங் அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த லட்டைக் காகிதத்திலேயே திரும்ப வைத்தார்.

"ம்" என்றார்.

மறுநாள் காலையில் வெந்நீர் கேட்டுச் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதித்துக் குதித்துக் குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். பச்சைத் தண்ணீரிலேயே குளித்தார். புண்ணுக்கு அவரே மருந்து போட்டார். கண்ணாடியை அவரே தேடினார். சோறு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவும் மாட்டார் என்று தோன்றியது. கோபப்பட்டுத் திட்டியிருந்தால் நேசபாய் பதிலுக்கு நாலு திட்டி, அழுது, சமாதானமாகியிருப்பாள். அவர் திட்டவில்லை. இந்த வீட்டில் கூடுதலாக இருந்துவிட்ட ஆள் மாதிரி, எதிலும் படாமல் ஒதுங்கி இருந்தார்.

மன்னிப்புக் கேட்க நேசபாய்க்கு வாய் வரவில்லை. எப்படிக் கேட்பது? செத்திருக்கலாம் என்று சொன்னதற்கு என்ன வார்த்தை சொல்லிக் கேட்பது? பாத்திரம் கழுவ நின்றால் எதிரே அந்தப் பலகை. அவளுக்கு ஆத்திரமாக வந்தது, முத்துநாயகம்மேல், சத்தியபாய்மேல், கடைசியில் தன்மேலேயே.

அப்படியே நாள் போனது. ஒரு மத்தியானம் சத்தியபாய் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். தலை முடியாமல், கைத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, அவசரத்தில் வந்தவள்போல் இருந்தாள்.

"மைனி, அண்ணனுக்கு சொகமில்லியா?"

"ஏன், நல்லாத்தான இருக்காவ."

"சத்தமே கேக்கல்லியே. நானும் இண்ணு கேக்கும், நாளைக்கு கேக்கும்னு இருந்தேன். பயமாப்போச்சு மைனி."

"கேக்காட்டா நல்லதுதானே. ஊரு நிம்மதியா இருக்கும்" என்றாள் நேசபாய் வெடுக்கென்று.

சத்தியபாய் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்தாள், சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்க அடுக்களையில நிக்கம்போ அண்ணன் 'ஏட்டி நேசம்'னு விளிக்கது கேக்கும். அதக் கேட்டுத்தான் நான் சாயாவுக்கு வெள்ளம் வைக்கது. சில நேரம் மனசுக்குள்ள 'இன்னா வாறேன்'னு நானும் சொல்லிப் பாப்பேன். தப்பா நெனைக்காதீங்க. எனக்க வீட்டுக்காரவிய என்னிய விளிச்சது கொஞ்ச நாளுதான், அந்தச் சத்தம் எப்பிடி இருக்கும்னே மறந்துட்டு. ரோட்டுக்குப் பேரு வச்சாவ. ரோடு விளிக்குமா மைனி?" கைத்துணியை முறுக்கினாள். "எனக்கு உங்கமேல பொறாம. சபையில முட்டுகுத்தி ஜெபிக்கம்போகூட அந்தப் பொறாம போவல்ல."

இத்தனை வருஷமும் நேசபாய் மதிலுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் எரிகிறது என்று நினைத்திருந்தாள். தான் சொன்ன சொல் இவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"இரு, போயிராத" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சுந்தர்சிங் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். விழித்துத்தான் இருந்தார். விரிப்பைக் கைநிறையப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அரிப்பு எடுத்திருக்கிறது, கூப்பிடவில்லை. நேசபாய் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசாமல், பாதம் இல்லாத இடத்தில் விரிப்பைச் சொறிய ஆரம்பித்தாள். கண்ணீர் சொட்டிச் சொட்டி விரிப்பு நனைந்தது. அவர் அசையவில்லை. அவளும் நிறுத்தவில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிச் சொறிந்தாள். பிறகு இன்னும் தள்ளி.

அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏட்டி நேசம்! அங்ஙன இல்லட்டி, கீழ, கீழ!"

ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அடுக்களை வாசலில் நின்ற சத்தியபாய், அடுப்பில் சாயாவுக்கு வெள்ளம் வைக்கத் தன் வீட்டுக்கு நடந்தாள்.