ஒரு டிஸ்க்கும் இரண்டு சர்வர்களும்

நாகஜோதிக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. எங்கள் ராமநாதபுரம் அலுவலகத்தில் அது பெரிய குறை. கடலாடிப் பக்கத்து மிளகாய் விவசாயியின் மகள். எங்கள் ஐந்து பேரில் வேலை தெரிந்தவள் அவள் மட்டும்தான். பக்கத்து நாற்காலியில் மூன்று வருடம் இருந்த எனக்கு, இதைச் சொல்ல இப்போதுதான் வாய் வந்திருக்கிறது.

பயிர்ச் சேதத்தை விவசாயிகளே படம் பிடித்துக் காப்பீட்டுக்கு அனுப்பும் செயலி ஒன்றைச் செய்தோம். படங்களை எங்கே சேமிப்பது என்று பேச்சு வந்தது. சர்வரோடு நேரே மாட்டும் டிஸ்க்கான பிளாக் ஸ்டோரேஜ் வேகமானது. ஆனால் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய டிஸ்க் ஒரு சர்வருக்கு மட்டுமானது. இரண்டு சர்வர்களை அதில் எழுதவிட்டால், ஒன்று எழுதியது தெரியாமல் மற்றது அதன்மேலேயே எழுதிவிடும். பகிர்ந்துகொள்ளும் ஃபைல் சிஸ்டம் கொஞ்சம் மெதுவு, ஆனால் எத்தனை சர்வர் வந்தாலும் குழம்பாது. அதுதான் வேண்டும் என்று நாகஜோதி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். முதலாளி பிரபு அதைப் படிக்கவே இல்லை.

"வேகந்தான் முக்கியம்" என்று பிளாக் ஸ்டோரேஜையே வாங்கினார்.

தை மாதம் பருவம் தப்பி மழை கொட்டியது. குண்டு மிளகாய் செடியிலேயே அழுகியது. படங்கள் வந்து குவிய, சர்வர் திணறியது.

"அதே டிஸ்க்க இன்னொரு சர்வர்லயும் மாட்டு" என்றார் பிரபு.

"வேணாம் சார். எல்லாம் அழிஞ்சு போயிரும்."

"நான் பாத்துக்கிறேன். மாட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கணினியைப் பார்த்தேன். அவள் மாட்டினாள்.

இரண்டே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் திறக்க முடியாமல் போயின. நகல் எடுத்து வைக்கும் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருந்தவரும் பிரபுதான். மறுபடி படம் கேட்கவும் வழியில்லை. 'படம் கிடைத்தது' என்று செயலி சொன்னதை நம்பிப் பலரும் செடியைப் பிடுங்கி உழுதுவிட்டார்கள்.

டிஸ்க்கை மாட்டியது யார் என்று காப்பீட்டு நிறுவனத்தார் விசாரித்தார்கள். கணினிப் பதிவில் நாகஜோதியின் பெயர் இருந்தது. மாட்டச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கும் வேலை வேண்டுமே! அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, பிரபு ஃபைல் சிஸ்டத்துக்கே மாறினார். அவள் எழுதிய பக்கத்தை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் தன் பெயராக மாற்றச் சொன்னார். மாற்றியவன் நான்தான்.

மேசையில் அவள் விட்டுப்போன சாமான்களைக் கொடுக்க அவள் ஊருக்குப் போனேன். அவள் வெளியே வரவில்லை. அவளுடைய அய்யா குருநாதன்தான் பையை வாங்கிக்கொண்டார்.

"நீங்கதான மாரீஸ்வரன்?"

தலையாட்டினேன்.

"'படம் ஏறிருச்சு, உழுங்கய்யா'ன்னு எம்மகதான் போன்ல சொன்னா. பருத்தி போடலாம்னு உழுதுட்டேன்" என்றார். "வேணாம் வேணாம்னு சொன்னாளாமே, தம்பி. நீங்களும் அங்கனதான இருந்தீங்க?"

"ஆமாய்யா."

அவர் பையோடு உள்ளே போனார். வாசலில் நின்ற என்னை உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.