நாற்பத்தொன்றாம் எண்

என் அப்பாவின் பிழைப்பைக் கெடுத்தது நான்தான். பழியை அவர் சுமந்தார். நான் வாய் திறக்கவில்லை.

இதை உங்களிடம் சொல்வதால் ஒன்றும் சரியாகிவிடாது... தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

அப்பா கோவில்பட்டியில் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தார். கல்யாணம், கோவில் கொடை, சாவு என்று புதூர், விளாத்திகுளம் வரை போய்க் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், அவர் மகளான நான்தான். பன்னிரண்டாம் வகுப்போடு கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கேசட் போய் எம்பி3 வந்த காலம். கம்ப்யூட்டரில் குவிந்து கிடந்த பாட்டுகளை ஒழுங்குபடுத்தி, அப்பாவுக்குப் புது சிடி போட்டுத் தரும்படி கடை முதலாளி அண்ணாச்சி என்னிடம் சொன்னார்.

அப்பாவின் பழைய சிடிப் பட்டியலைப் பார்த்ததும் சிரித்தேன். ஒரே பிள்ளையார் பாட்டு நாலு இடத்தில். ஒரே அம்மன் பாட்டு ஐந்து இடத்தில். ஒவ்வொன்றிலும் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மீதி ஏழையும் அழித்தேன். பழைய சிடியை ஒடித்துக் குப்பையில் போட்டேன்.

"ஒங்க சிடிதான்ப்பா, புதுசா போட்டிருக்கேன்" என்று கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எண் மட்டும் தெரியும். அப்படிப்பட்டவர் இத்தனை பாட்டில் வேண்டியதை எப்படி எடுக்கிறார் என்று நான் ஒருநாளாவது கேட்டேனா?

மறுநாள் புதூர்ப் பக்கம் ஒரு சாவு வீடு. செத்தவன் கல்யாணம் ஆகாத இளவட்டம். அப்பா வழக்கம்போல ரிமோட்டில் நாற்பத்தொன்றை அமுக்கினார். ஊரெல்லாம் கேட்கும்படி மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு பாடியது.

"ஏலே, எங்க வந்து எந்தப் பாட்டப் போடுத?" என்று அடித்திருக்கிறார்கள். ஆம்பிளிஃபயரைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். உதடு வீங்கி, கரிசல் மண் அப்பிய காலோடு வந்து நின்றார்.

"நாப்பத்தொண்ணுதாம்மா அமுக்குனேன். கல்யாணத்துக்கு ஒண்ணு, கொடைக்கு இருவத்தொண்ணு, சாவுக்கு நாப்பத்தொண்ணு, மாப்பிள்ள அழைப்புக்கு நாப்பத்தெட்டு. எல்லாம் கரெக்டா வரட்டும்னுதான பிள்ளையார் பாட்டையும் அம்மன் பாட்டையும் திரும்பத் திரும்ப நடுநடுவ போடச் சொல்லியிருந்தேன்... எனக்குத்தான் எண்ணு தப்பிப்போச்சு போல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அழித்த ஏழும் நாற்பதுக்கு முன்னால் இருந்தவை. அதற்கடுத்த எல்லாப் பாட்டும் ஏழு எண் முன்னால் வந்துவிட்டது. நான் குப்பை என்று நினைத்தது அவருடைய கணக்கு. எழுத்து தெரியாதவர் தனக்கென்று செய்துகொண்ட எழுத்து.

அண்ணாச்சி என்னைத்தான் முதலில் கேட்டார். "ஏட்டி, சிடி எல்லாம் சரியாத்தான போட்ட?"

"சரியாத்தான் போட்டேன் அண்ணாச்சி."

"அப்ப இவன் தண்ணியப் போட்டுட்டுப் போயிருக்கான்."

அப்பா குடிக்க மாட்டார். எனக்குத் தெரியும்... அவர் தலை குனிந்து நின்றார். நானும் நின்றேன். எதற்குப் பயந்தேன்? வேலைக்கா, அடிக்கா? இல்லை. படித்தவள் தப்புச் செய்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

அன்றோடு அவருக்கு வேலை போயிற்று. அடுத்தவர் ஆடுகளை மேய்க்கப் போனார். அதுகூடப் பரவாயில்லை. எண்களின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை போய்விட்டது. பஸ் வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் நம்பர் கேட்கிறார். கண் எதிரே இருக்கும் எண்ணை! மேயப் போன ஆடுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு, சரிபார்க்க அம்மாவைக் கூப்பிடுகிறார்.

ஐந்து வருடம் கழித்து, தாங்க முடியாமல் சொன்னேன். எல்லாவற்றையும்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"போடி. நீ படிச்சவ. ஒன் கை தப்பாப் போவுமா? எனக்காவப் பொய் சொல்லாத."

திரும்பச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. மறுநாள் டீக்கடையில், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆட்களிடம் சொன்னார்: "என் தப்பத் தன் தலைல தூக்கிப் போட்டுக்கிடப் பாக்கா எம்புள்ள. படிப்புன்னா சும்மாவா?"

எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

அப்போதும் நான் பேசவில்லை.