சந்தனம் வைத்த கடல்நீர்

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆயுதபூஜை நாளில் நடந்தது இது. அபிராமபுரத்தில் வாடகை அறை, அடையாறில் கடல்நீர் ஆய்வுக்கூடத்தில் வேலை என்று என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

மன்னார் வளைகுடாவில் அழிந்துபோன பவளப்பாறைக்குப் பதிலாகப் புதிய பவளத் துண்டுகளை நட ஏற்பாடு. கரையை ஒட்டி ஓர் இடம், தள்ளி ஓர் இடம். எங்கே நட்டால் பிழைக்கும் என்று தண்ணீரின் அமிலத்தன்மையைப் பார்த்து நாங்கள்தான் சொல்ல வேண்டும். நானே படகில் போய் இரண்டு இடத்துத் தண்ணீரையும் பிடித்து, கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, காற்றுப் புகாதபடி மூடியில் கிரீஸ் தடவி வைத்திருந்தேன். காற்றுப் பட்டால் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். அமிலத்தன்மை குறைந்து, கெட்ட தண்ணீர்கூட நல்ல தண்ணீராகத் தெரியும்.

பூஜையன்று காலையில் உள்ளே நுழைந்தால், என் பாட்டில்கள் மேஜைமேல் பளபளவென்று நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு சாமந்தி. மூடியைத் திறந்தது யார் என்று கேட்டேன்.

உதவியாளர் சாந்தோம்காரர். "ஒரே பிசுக்கு மேடம், சந்தனம் ஒட்டவே இல்ல. அதான் மூடியைக் கயட்டித் தொடச்சிட்டு மூடினேன். தண்ணி அப்டியே தானே கீது?" என்றார். பாவம், எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வை என்பது அவருக்கு மேலிடத்து உத்தரவு.

அந்த மேலிடம் எங்கள் தலைவர். மறுபடி போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அவரிடம் கெஞ்சினேன். நடவு விழாவுக்கு விருந்தாளிகளை அழைத்தாயிற்று, நேரமில்லை என்றார்.

"மிஷின்ல போட்டா நம்பர் வருமோல்லியோ? அப்பறம் என்ன? பண்டிகையும் அதுவுமா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே" என்று பொரிகடலைப் பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

அந்தத் தண்ணீரை அளக்க முடியாது என்றேன். வேறொருவரை வைத்து அளந்தார்கள். நம்பர் வந்தது. கரையோரத் தண்ணீர் அருமையாக இருக்கிறதாம்! விருந்தாளிகளின் படகுக்கும் அதுதானே வசதி. கைதட்டி, போட்டோ எடுத்து, அங்கேயே நட்டார்கள்.

அடுத்த வருடம் அங்கே முங்கிப் பார்த்தேன். அத்தனையும் செத்து, பாசி படிந்து கிடந்தன. அந்த வருடம் வெயில் ஜாஸ்தி என்று காரணம் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் வேலையை விட்டேன்.

அன்றைக்கு முடியாது என்று சொன்னாயே என நண்பர்கள் இன்னும் மெச்சுகிறார்கள். என் கை சுத்தமாக இருந்தது என்பதற்காக ஒரு பவளம்கூடப் பிழைத்துவிடவில்லை; அதனால் அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன்.